எல்சிடி மானிட்டருக்கு விஜிஏவா டிஜிட்டலா? கேபிள் தேர்ந்தெடுக்குறதுல இருந்து செட்டிங் வரைக்கும்

என் சித்தி வீட்ல இருந்தே கணக்கு எழுதுற வேலை பாக்குறாங்க, நாள் முழுக்க எக்செல் தான். புது 24 இன்ச் மானிட்டர் வாங்குன ரெண்டு வாரத்துல "கண்ணு எரியுதுடா, 3 எது 8 எதுன்னே தெரியல, கண்ணாடி பவர் ஏறிடுச்சு போல"ன்னு போன் பண்ணாங்க. போய் பாத்தா பழைய கம்ப்யூட்டர்ல இருந்த நீல தலை விஜிஏ கேபிளையே எடுத்து புது மானிட்டர்ல மாட்டியிருக்காங்க, பக்கத்துலயே டிஜிட்டல் கேபிள் மாட்டுற எச்டிஎம்ஐ ஓட்டை பிளாஸ்டிக் மூடி கூட கழட்டாம அப்படியே இருக்கு. கேபிளை மாத்துன உடனே எழுத்தெல்லாம் செதுக்கி வச்ச மாதிரி வந்துச்சு. ஆனா அதோட கதை முடியல, மாத்துன பிறகு கறுப்பெல்லாம் சாம்பல் பூசுன மாதிரி வெளிறிப் போச்சு, அதை சரி பண்ண இன்னொரு செட்டிங் தேட வேண்டியதாப் போச்சு.

இந்த ரெண்டு பிரச்சனையும் ரொம்ப பேருக்கு இருக்கு, பாதி பேருக்கு இருக்குன்னே தெரியாது, மானிட்டரே இப்படித்தான்னு நினைச்சுக்கிட்டு வருஷக்கணக்கா பாத்துக்கிட்டு இருப்பாங்க. அதனால தான் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல, விஜிஏல ஏன் மங்குது

விஜிஏ 1987ல ஐபிஎம் கொண்டு வந்தது. அப்போ இருந்தது பெரிய டப்பா மாதிரி சிஆர்டி மானிட்டர், அதுக்கு தேவை வோல்ட்டேஜ் தான். சிவப்புக்கு ஒண்ணு, பச்சைக்கு ஒண்ணு, நீலத்துக்கு ஒண்ணுன்னு மூணு கம்பி, ஒவ்வொண்ணுலயும் 0ல இருந்து 0.7 வோல்ட் வரைக்கும் ஏறி இறங்கும், அதுக்கு ஏத்த மாதிரி எலக்ட்ரான் கதிர் கூடி குறையும், படம் வந்துடும். அந்த மானிட்டருக்கு அது கச்சிதமான ஏற்பாடு, குறை சொல்ல ஒண்ணும் இல்ல.

எல்சிடி அப்படி இல்ல. உள்ள இருக்குற பேனல்ல 1920×1080ன்னா அத்தனை புள்ளியும் தனித்தனியா கட்டம் போட்டு உக்காந்திருக்கு, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு நம்பர் வேணும். கம்ப்யூட்டர்லயும் படம் நம்பராத்தான் இருக்கு. ஆக நம்பர்ல இருந்து நம்பருக்கு போற வழியில, விஜிஏ போட்டா கம்ப்யூட்டர் அந்த நம்பரை வோல்ட்டேஜா மாத்துது, கேபிள்ல அனுப்புது, மானிட்டர் அந்த வோல்ட்டேஜை அளந்து திரும்ப நம்பரா மாத்துது. தேவையே இல்லாத ரெண்டு மாற்றம், ரெண்டுலயும் கொஞ்சம் கொஞ்சம் கெடுது.

இதுல பெரிய சிக்கல் அளவை விட நேரம் தான். விஜிஏ கேபிள்ல ஒரு வரி எப்போ ஆரம்பிக்குது, ஒரு முழு படம் எப்போ ஆரம்பிக்குதுங்குற ரெண்டு சமிக்ஞை மட்டும் தான் போகும், ஒவ்வொரு பிக்சலும், அதாவது ஒவ்வொரு புள்ளியும், எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு யாரும் சொல்ல மாட்டாங்க, மானிட்டர் தானா கணிச்சுக்கணும். ஒரு ரயில் வேகமா போகுதுன்னு வைங்க, இஞ்சின் வந்தா மட்டும் உங்களுக்கு விசில் கேக்கும், நீங்க ஒவ்வொரு பெட்டியோட நடு ஜன்னலையும் சரியா போட்டோ எடுக்கணும், எத்தனை பெட்டின்னும் சொல்ல மாட்டாங்க. 1920×1080, 60 ஹெர்ட்ஸ்ல ஒரு வரிக்கு திரையில தெரியாத ஓரத்தையும் சேர்த்து 2200 பெட்டி, படத்துக்கு 1125 வரி, நொடிக்கு 60 படம், பெருக்கிப் பாத்தா நொடிக்கு 14 கோடியே 85 லட்சம். ஒரு பெட்டிக்கு கிடைக்குற நேரம் சுமார் 6.7 நானோ செகண்ட். கொஞ்சம் தள்ளி எடுத்தா ரெண்டு பெட்டிக்கு நடுவுல இருக்குற இணைப்பு தான் போட்டோல விழும், அதாவது கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல். சித்தியோட 3ம் 8ம் ஒண்ணாப் போனது இப்படித்தான்.

டிஜிட்டல் இணைப்புல நேரக் கணக்கும் சிக்னலோடயே வந்துடும், நம்பர் நம்பராவே வரும், கணிக்க எதுவும் இல்ல.

மானிட்டருக்கு பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க

லைட் அடிச்சு பாருங்க, தடவிப் பாத்து முடிவு பண்ணாதீங்க. நீல கலர்ல, மூணு வரிசையா 15 ஓட்டை, ரெண்டு பக்கமும் திருகு போட இடம் இருந்தா அது விஜிஏ. மெனுல இது சில மானிட்டர்ல "டி-சப்"னும் சிலதுல "அனலாக்"னும் இருக்கும், வோல்ட்டேஜா ஏறி இறங்கி போற சிக்னலுக்கு அது தான் பேர்.

பெரும்பாலும் வெள்ளையா, அகலமா, ஒரு ஓரத்துல தட்டையான கோடு மாதிரி ஒரு பின் இருந்தா டிவிஐ. இங்க தான் நிறைய பேர் ஏமாறுறாங்க. அந்த தட்டை கோட்டை சுத்தி நாலு சின்ன ஓட்டை இருந்தா அது டிவிஐ-ஐ, அனலாக்கும் டிஜிட்டலும் ரெண்டும் அதுல போகும். அந்த நாலும் இல்லைன்னா டிவிஐ-டி, டிஜிட்டல் மட்டும். கிராபிக்ஸ் கார்டோட டிவிஐ-ஐ ஓட்டையில சின்னதா ஒரு விஜிஏ கன்வெர்ட்டரை சொருகி அங்க இருந்து விஜிஏ கேபிள் போட்டுட்டு "நான் டிவிஐல தான் ஓட்டுறேன்"னு சொல்றவங்களை பாத்திருக்கேன், அது முழுக்க அனலாக் தான். சந்தேகம்னா மானிட்டர் மெனுல எந்த இன்புட்னு பாருங்க, அது தெளிவா சொல்லிடும்.

எச்டிஎம்ஐ எல்லாருக்கும் தெரியும், டிவில இருக்குறது. டிஸ்ப்ளேபோர்ட் அதே சைஸ்ல ஒரு மூலை மட்டும் வெட்டுன மாதிரி இருக்கும், நிறைய கேபிள்ல கொக்கி இருக்கும், மேல இருக்குற பட்டனை அமுக்கிட்டு தான் உருவணும், பலமா இழுத்தா போர்ட்டே போயிடும். யூஎஸ்பி-சி இருந்தாலும் எல்லா யூஎஸ்பி-சிலயும் வீடியோ வராது, பக்கத்துல டிஸ்ப்ளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட்டோட மின்னல் குறியோ இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா லேப்டாப் மேனுவலைப் பாருங்க.

அப்புறம் கம்ப்யூட்டர் பக்கம்

டெஸ்க்டாப்ல தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தா கேபிளை அந்த கார்டுல தான் மாட்டணும், மேல மவுஸ் கீபோர்டு சொருகுற இடத்துக்கு பக்கத்துல இருக்குற மதர்போர்டு ஓட்டையில மாட்டக்கூடாது. அங்க மாட்டுனா ஒண்ணு படமே வராது, இல்ல காசு போட்டு வாங்குன கார்டு சும்மா உக்காந்திருக்கும்.

புது கார்டுல விஜிஏ தேடாதீங்க. 2010 டிசம்பர்லயே இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி எல்லாரும் சேர்ந்து விஜிஏவை 2015க்குள்ள கைவிடப் போறோம்னு அறிவிச்சிட்டாங்க. ஏஎம்டி 2013ல வந்த ஆர்9 290 கார்டுலயே அனலாக்கை எடுத்துட்டாங்க, இன்டெல் 2015ல ஸ்கைலேக் பிராசசர்ல எடுத்தாங்க, என்விடியா 2016ல ஜிடிஎக்ஸ் 1080 கார்டுல இருந்து எடுத்தாங்க. இப்பவும் சில மதர்போர்டுல விஜிஏ இருக்கேன்னு கேப்பீங்க. அது உள்ளுக்குள்ள டிஜிட்டல் சிக்னலை எடுத்து ஒரு தனி சிப் வழியா அனலாக்கா மாத்தி வெளிய தர்றது. டிஜிட்டலா கையில இருக்குறதை வேணும்னே அனலாக்காக்கி மானிட்டருக்கு கொடுத்து, அது திரும்ப டிஜிட்டலாக்கிக்குது.

எதை எடுக்குறது

ரெண்டு பக்கமும் ஏதாவது ஒரு டிஜிட்டல் போர்ட் ஒத்துப் போச்சுன்னா அதைப் போடுங்க, இதுல யோசிக்கவே வேண்டாம். அடுத்த கேள்வி டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் மூணுல எது நல்லா இருக்கும்ங்குறது. 1920×1080, 60 ஹெர்ட்ஸ் மானிட்டருக்கு மூணும் ஒரே படம் தான், செட்டிங் சரியா இருந்தா ஒரு புள்ளி கூட வித்தியாசம் இருக்காது. எது கையில இருக்கோ அதை மாட்டுங்க.

ரெசல்யூஷனோ (திரையில எத்தனை புள்ளி) ரெஃப்ரெஷ் ரேட்டோ (நொடிக்கு எத்தனை படம்) கூடும்போது தான் கணக்கு பாக்கணும். சாதா டிவிஐ, அதாவது சிங்கிள் லிங்க், 1920×1200ஐ 60 ஹெர்ட்ஸ் வரைக்கும் தாங்கும். டூயல் லிங்க்னா 2560×1600 போகும், பழைய 144 ஹெர்ட்ஸ் 1080 மானிட்டரும் அதுல ஓடும், ஆனா கேபிளும் டூயல் லிங்க்கா இருக்கணும், நடுவுல பின் இல்லாம காலியா இருந்தா அது சிங்கிள். எச்டிஎம்ஐ 1.4ல 4கே, அதாவது 3840×2160, வரும் ஆனா 30 ஹெர்ட்ஸ் தான், மவுஸ் நகர்த்துனாலே இழுக்குற மாதிரி இருக்கும், வேலைக்கு ஆகாது. 4கேவை 60ல பாக்க எச்டிஎம்ஐ 2.0 இல்லைன்னா டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேணும், 120ல பாக்கணும்னா எச்டிஎம்ஐ 2.1 இல்லைன்னா டிஸ்ப்ளேபோர்ட் 1.4.

கேமிங் மானிட்டர் வாங்குனவங்க ஒண்ணு கவனிக்கணும், ஒரே மானிட்டர்லயே டிஸ்ப்ளேபோர்ட்ல 144 வரும், எச்டிஎம்ஐ ஓட்டை பழைய வெர்ஷனா இருந்து குறைச்சலா நிக்கும். இது அட்டைப் பெட்டி மேல போட்டிருக்காது, மேனுவல்ல ஸ்பெசிஃபிகேஷன் பக்கத்துல போர்ட் வாரியா எழுதியிருப்பாங்க. அதனால டெஸ்க்டாப் மானிட்டருக்கு ரெண்டும் இருந்தா நான் டிஸ்ப்ளேபோர்ட் தான் சொல்வேன், டிவிக்குன்னு வந்த ரேஞ்ச், ஓவர்ஸ்கேன் தொல்லையெல்லாம் (கீழ சொல்றேன்) அதுல ரொம்ப குறைவு.

கன்வெர்ட்டர் வாங்குறப்ப திசை முக்கியம்

டிவிஐக்கும் எச்டிஎம்ஐக்கும் படத்தை அனுப்புற முறை ஒண்ணு தான், அதனால இது ரெண்டுக்கும் நடுவுல வெறும் கம்பி கன்வெர்ட்டர் போதும், எந்த திசையிலயும் ஓடும், சத்தம் மட்டும் வராமப் போகலாம். கம்ப்யூட்டர்ல டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர்ல எச்டிஎம்ஐன்னா பெரும்பாலும் சாதா கன்வெர்ட்டரே போதும், போர்ட் பக்கத்துல ரெண்டு பிளஸ் போட்ட குறி இருந்தா நிச்சயம் போதும். தலைகீழா, கம்ப்யூட்டர்ல எச்டிஎம்ஐ மானிட்டர்ல டிஸ்ப்ளேபோர்ட்னா சிப் வச்ச கன்வெர்ட்டர் வேணும், அதுக்கு பெரும்பாலும் யூஎஸ்பில இருந்து தனியா கரண்ட்டும் கொடுக்கணும். இந்த ஒரு இடத்துல தான் தப்பான திசையில வாங்கிட்டு "கேபிள் போச்சு"ன்னு திருப்பி அனுப்புறவங்க அதிகம்.

எச்டிஎம்ஐ கம்ப்யூட்டரை விஜிஏ மட்டும் இருக்குற மானிட்டர்ல மாட்டவும் சிப் வேணும். ரெண்டு முனையிலயும் வெறும் பிளக் வச்சு சிப் எதுவும் இல்லாம ஒரு கேபிள் வந்தா அது வேலையே செய்யாது, எவ்ளோ மலிவா இருந்தாலும் தொடாதீங்க.

கேபிளுக்கு எவ்ளோ செலவு பண்ணலாம்

டிஜிட்டல்ல கேபிள் விலை கூடுனா கலர் கூடும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. டிஜிட்டல் சிக்னல் போய் சேர்ந்துச்சுன்னா முழுசா சேரும், தரம் குறைஞ்சா மங்காது, திரையில மினுக் மினுக்குன்னு வெள்ளைப் புள்ளி தெறிக்கும், இல்ல ரெண்டு செகண்ட் கறுப்பாகி திரும்ப வரும், இல்ல வரவே வராது. இந்த மூணும் இல்லைன்னா உங்க கேபிள் நல்ல கேபிள். 4கே 60க்கு மேல போறவங்க, ரெண்டு மூணு மீட்டருக்கு மேல நீளம் வேணும்ங்குறவங்க மட்டும் சர்ட்டிஃபிகேஷன் உள்ளதா பாத்து வாங்குங்க.

விஜிஏல இது அப்படியே தலைகீழ், அங்க கேபிள் தரம் நேரா கண்ணுக்கு தெரியும். ஒல்லியா கயிறு மாதிரி இருக்குற கேபிள்ல ஒவ்வொரு எழுத்துக்கும் வலது பக்கம் மெல்லிசா ஒரு நிழல் விழும், சிக்னல் முனையில மோதி திரும்பி வர்றதால வர்றது அது. தடியா, குட்டையா, முனைகிட்ட உருண்டையா ஒரு ஃபெரைட் கட்டி இருக்குற கேபிளா பாருங்க. கரண்ட் வயரோட சேர்த்து கட்டி வைக்காதீங்க.

டிஜிட்டல் மாட்டியாச்சு, இதோட விட்டுடாதீங்க

விண்டோஸ்ல டிஸ்ப்ளே செட்டிங்ஸ் போய் ரெசல்யூஷன் "ரெகமெண்டட்"னு போட்டிருக்குறதுல இருக்கான்னு பாருங்க. அடுத்து "அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே"ல ரெஃப்ரெஷ் ரேட், 144 மானிட்டரை வாங்கிட்டு மாசக்கணக்கா 60லயே ஓட்டுறவங்க ஏராளம், தானா மாறாது, நீங்க தான் மாத்தணும்.

இப்போ சித்தி வீட்டு சாம்பல் கறுப்பு. எச்டிஎம்ஐ டிவிக்காக வந்தது, வெளிச்சத்தை குறிக்குற நம்பர்ல டிவி உலகத்துல கறுப்பு 0 கிடையாது 16, வெள்ளை 255 கிடையாது 235. கம்ப்யூட்டர்ல 0ல இருந்து 255 முழுசும் உண்டு. கிராபிக்ஸ் கார்டு மானிட்டரை டிவின்னு நினைச்சுக்கிட்டு 16ல இருந்து 235க்குள்ள சுருக்கி அனுப்பி, மானிட்டர் அதை முழு அளவுன்னு எடுத்துக்கிச்சுன்னா 16ங்குறது கறுப்பா தெரியாது, சாம்பலா தெரியும், வெள்ளையும் அழுக்கா இருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனல்ல "சேஞ்ச் ரெசல்யூஷன்" பக்கத்துல கீழ "அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்"னு இருக்கும், அதை "ஃபுல்" ஆக்குங்க. ஏஎம்டில "பிக்சல் ஃபார்மேட்"ல ஃபுல் ஆர்ஜிபி, இன்டெல்ல "குவாண்டிசேஷன் ரேஞ்ச்". மானிட்டர் மெனுல "பிளாக் லெவல்"னு ஒண்ணு இருந்தா அதுவும் இதுவும் ஒத்துப் போகணும், ஒத்துப் போகலைன்னா எதிர்ப்பக்கமா போய் இருட்டான இடமெல்லாம் ஒரே கறுப்பா அப்பிக்கும். சித்தி வீட்ல "லிமிட்டட்" இருந்ததை "ஃபுல்" ஆக்குன அந்த நொடியில திரை மேல இருந்த ஒரு பனித்திரை விலகுன மாதிரி இருந்துச்சு.

எழுத்துல ஓரம் கலர் கலரா பிசிறடிச்சா, முக்கியமா கறுப்பு மேல சிவப்பு எழுத்து கரைஞ்ச மாதிரி இருந்தா, கலர் தகவலை பாதியா குறைச்சு அனுப்புதுன்னு அர்த்தம். அதே பக்கத்துல கலர் ஃபார்மேட்டை கலரை குறைக்காம அனுப்புற ஆர்ஜிபி இல்லைன்னா 4:4:4 ஆக்குங்க, 4:2:2ம் 4:2:0ம் சினிமாக்கு ஓகே, எழுத்துக்கு ஆகாது. டிவியை மானிட்டரா வச்சிருந்தா டிவி மெனுல அந்த இன்புட்டோட பேரை "பிசி"ன்னு மாத்துனாலே நிறைய டிவில இது சரியாயிடும்.

படம் ஓரத்துல வெட்டுப்பட்டு டாஸ்க்பார் பாதி தெரியலைன்னா ஓவர்ஸ்கேன், மானிட்டர் மெனுல "ஜஸ்ட் ஸ்கேன்" இல்ல "1:1" போடுங்க. சுத்தி கறுப்பு பட்டை வந்தா ஏஎம்டி டிரைவர்ல ஸ்கேலிங்கை 0 சதவீதம் ஆக்குங்க.

விஜிஏ தான் வழின்னா

சில இடத்துல வேற வழி இருக்காது, பழைய ப்ரொஜெக்டர், சர்வர் ரூம், விஜிஏ மட்டும் இருக்குற மானிட்டர். மனசு விடாதீங்க, 1024×768ல ஒரு பிக்சலுக்கு 15 நானோ செகண்ட் கிடைக்குது, 1280×1024ல 9க்கு மேல கிடைக்குது, நல்லா ட்யூன் பண்ணா டிஜிட்டலுக்கு கிட்டத்தட்ட பக்கத்துல வந்துடும்.

மானிட்டரை ஆன் பண்ணி ஒரு அரை மணி நேரம் விடுங்க, சூடு ஏறுனா நேரக் கணக்கு கொஞ்சம் நகரும். ரெசல்யூஷனை பேனலோட சொந்த ரெசல்யூஷனுக்கு வைங்க, ரெஃப்ரெஷ் ரேட்டை 60க்கு இறக்குங்க. சிஆர்டி காலத்துல 60 வச்சா கண்ணு வலிக்கும்னு எல்லாரும் 75, 85 வச்சோம், அந்தப் பழக்கத்துல எல்சிடிலயும் 75 வைக்குறாங்க. எல்சிடி அந்த மாதிரி மினுக்காது, 75 வச்சா ஒவ்வொரு பிக்சலுக்கும் நேரம் குறையுறது தான் மிச்சம்.

அடுத்து ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் வெளிச்சமா இருக்குற ஏதாவது ஒண்ணை முழுத்திரையில வச்சுக்கிட்டு "ஆட்டோ அட்ஜஸ்ட்" அமுக்குங்க. கறுப்பு வால்பேப்பர் வச்சிட்டு அமுக்குனா படம் எங்க முடியுதுன்னு மானிட்டருக்கு தெரியாது, தப்பா நகர்த்திடும். நிறைய பேருக்கு இந்த ஒரு பட்டன்லயே பாதி சரியாயிடும்.

மீதியை கையால பண்ணணும். விண்டோஸ் ஸ்கேலிங்கை 100 சதவீதம் ஆக்கிட்டு பெயின்ட்ல ஒரு பிக்சல் கறுப்பு கோடு, ஒரு பிக்சல் வெள்ளை கோடுன்னு நெடுக்குவாட்டுல மாத்தி மாத்தி வரைங்க, ரெண்டு கோடு போட்டு காப்பி பண்ணி ஒட்டிட்டே போனா 2, 4, 8ன்னு பத்து தடவைல திரை நிறைஞ்சிடும். 100 சதவீத ஜூம்ல முழுத்திரையில பாருங்க. சரியா இருந்தா தூரத்துல இருந்து ஒரே சீரான சாம்பலா தெரியும். அகலமான பட்டை பட்டையா, ஒரு இடம் தெளிவா ஒரு இடம் மங்கலா தெரிஞ்சா பெட்டி எண்ணிக்கை தப்பு, மெனுல "கிளாக்" இல்ல "ஹெச் சைஸ்"ங்குறதை ஒவ்வொரு படியா மாத்துங்க, பட்டை அகலமாகிக்கிட்டே போய் கடைசியில ஒரே பட்டையாகி மறையும். நம்பர் காட்டுற மானிட்டரா இருந்தா 1280×1024க்கு 1688, 1920×1080க்கு 2200 தான் வழக்கமான மொத்தம்.

பட்டை போன பிறகும் திரை முழுக்க எறும்பு ஊர்ற மாதிரி நடுங்குனா ஷட்டர் அடிக்குற நேரம் தப்பு, "ஃபேஸ்" இல்ல "ஃபைன்"னு இருக்குறதை மாத்துங்க. ஒரு முனையில இருந்து இன்னொரு முனை வரைக்கும் ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, எங்க நடுக்கம் அதிகமோ அதுல இருந்து பாதி தூரம் தள்ளி வச்சா பெரும்பாலும் அது தான் நல்ல இடம். எப்பவும் கிளாக் முதல்ல, ஃபேஸ் அப்புறம், மாத்திப் பண்ணா முடிவே வராது. கடைசியா "ஆட்டோ கலர்"னு இருந்தா சுத்த வெள்ளையும் சுத்த கறுப்பும் திரையில இருக்குறப்ப அதை ஒரு தடவை அமுக்குங்க, வோல்ட்டேஜ் அளவை சரி பண்ணிக்கும்.

ஒரு கீபோர்டை ரெண்டு கம்ப்யூட்டருக்கு மாத்துற சுவிட்ச், ஸ்ப்ளிட்டர், நீட்டிப்பு கேபிள் எதாவது நடுவுல இருந்தா இதெல்லாம் பண்றதுக்கு முன்னாடி அதை கழட்டிட்டு நேரா மாட்டிப் பாருங்க, பல நேரம் குற்றவாளி அது தான்.

இன்னொண்ணு, விஜிஏல மாட்டுனா விண்டோஸ் "ஜெனரிக் நான்-பிஎன்பி மானிட்டர்"னு காட்டி 1024×768க்கு மேல தரவே மாட்டேங்குதுன்னா மானிட்டர் கெட்டுப் போகல. மானிட்டர் தன்னோட பேரையும் ரெசல்யூஷனையும் கம்ப்யூட்டருக்கு சொல்றது 12வது, 15வது பின் வழியா, மலிவு கேபிள்ல அந்த கம்பியை போடாமலே விட்டிருப்பாங்க, இல்ல சொருகும்போது பின் மடங்கியிருக்கும். முனையை உத்துப் பாருங்க. 9வது பின் மட்டும் இல்லாம இருந்தா பயப்படாதீங்க, அது நிறைய கேபிள்ல இல்லாம தான் வரும், வேற ஏதாவது மடங்கியிருந்தா ஊசியால மெதுவா நிமித்துங்க, சரியாகலைன்னா கேபிளை மாத்துங்க.